துரையின் துப்பாக்கியும் கம்பிக் கண்ணியும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. குன்றாத பெருமைக்கு எடுத்துக்காட்டாக ஆசிரியர்கள் இதனை வகுப்பில் விளக்குவது வழக்கம். வணிகன் செவியில் இஃது வேறாக ஒலித்திருக்கும். உயிரோடுள்ள யானைக்குத் தீனி வேண்டும், பாகன் வேண்டும். இறந்த யானைக்கு இவ்விரண்டும் வேண்டா. தந்தம் மட்டும் விலைபோகும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் முசிறியிலிருந்து மேலை நாடு சென்ற மரக்கலம் ஒன்றின் சரக்கைக் குறிக்கும் பாப்பிரசு ஏடு வியன்னா நகரில் பாதுகாக்கப்படுகிறது. அச்சரக்கில் யானைத் தந்தமும் உண்டு. 1015 ஆம் ஆண்டு சீனத்துச் சோங் அரசவையை அடைந்த சோழர் தூது முத்தும் தந்தமும் காணிக்கையாக வைத்தது. மலாய்த் தீபகற்பத்துக் காண்டாமிருகக் கொம்பும் நெடுங்காலமாகக் கடல்வழியே சீனத்துக்குச் சென்றுகொண்டிருந்தது. காட்டுயிர் வணிகம் அத்துணைப் பழமையானது. அதனைத் தடுக்கும் சட்டமோ மிகப் பிந்தி வந்தது. வந்தபோதும் வேறொரு நோக்கத்தோடு வந்தது.

சென்னை மாகாண அரசு 1873 இல் காட்டு யானைகளைக் காப்பதற்கெனச் சட்டம் இயற்றியது. 1879 இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் அத்தகைய சட்டம் ஏற்பட்டது. யானையைக் கொல்லலாகாது, எனினும் வீட்டையும் பயிரையும் அழிக்கும் யானைக்கு அக்காப்பு இல்லை. அதே ஆண்டில் நீலகிரிக்குத் தனிச் சட்டம் ஒன்று பிறந்தது. 1877 இல் அங்குத் தோன்றிய வேட்டைச் சங்கமே அதற்குப் பின்னணி. வரையாடு இன்றும் நீலகிரி முகடுகளில் உலவுவதில் அச்சங்கத்தார்க்குப் பங்குண்டு. அதனை மறுத்தல் நேர்மையன்று. ஆயினும் அவர்கள் வேட்டைக்காரர்கள். அடுத்த பருவத்திலும் சுடுவதற்கு விலங்கு இருக்க வேண்டும் என்பதே அவர்தம் கவலை. மலைவாழ் மக்களின் வில்லும் வலையும் குற்றமாயின. உரிமம் பெற்ற துப்பாக்கி குற்றமாகவில்லை. மலாயாவிலும் இந்த அச்சிலேயே சட்டம் வார்க்கப்பட்டது.

நெகிரி செம்பிலானின் சுங்கை ஊஜோங் வட்டாரத்தில் 1880களிலேயே காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1891 இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியது. காப்பி வீழ்ந்து இரப்பர் தலையெடுத்தபின், ராசா, மம்பாவ், ரந்தாவ், சிலியாவ் எனச் சிரம்பானுக்குத் தெற்கே காடு மறைந்து பால்மரக் காடு பரவிற்று. காட்டை வெட்டிச் சாய்த்ததில் மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர் ஆகியோர் கைகளும் உண்டு. களையெடுத்துக் கன்று நட்டுத் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியவர்கள் பெரும்பாலும் நம்மவர். தோட்ட வரலாறு எழுதுவோர் கூலியையும் லயத்தையும் கள்ளுக்கடையையும் கோயிலையும் எழுதுகிறோம். அங்கே முன்பு வாழ்ந்த விலங்குகளை எழுதுவதில்லை. இது நம் வரலாற்றெழுத்தில் ஒரு குறை என்பது என் கருத்து.

விடியுமுன் விளக்கோடு மரத்தடிக்குச் செல்ல வேண்டியவருக்குப் புலி அழகுப் பொருளன்று. இளங்கன்றைப் பிடுங்கித் தின்னும் யானையும், பட்டையைக் கடிக்கும் மானும், கிழங்குக் கொல்லையைக் கிளறும் பன்றியும் தோட்டத்துக்குப் பகையாயின. செய்தி தண்டல் வழியாகக் கிராணிக்கும், கிராணி வழியாகத் துரைக்கும் போகும். துப்பாக்கி துரையிடம் இருந்தது. புதரடித்து விலங்கை விரட்டவும் சடலத்தைச் சுமக்கவும் தொழிலாளர் இருந்தனர். அக்காலத்துப் புகைப்படங்களில் துரையின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். பின்னால் நிற்போர் பெயரற்றவர்கள்.

நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் 1884 இல் காட்டுப் பறவைகளைக் காக்கும் சட்டம் வந்தது. மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1911 இல் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இவற்றை விரிவாக ஆராய்வதைவிட, அக்காலத்தை நன்கு விளக்கும் ஒரு மனிதரைப் பார்ப்பது பயன்தரும்.

தியோடர் ஹப்பேக் 1872 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கோலாலம்பூர் புகைவண்டி நிலையத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக்கின் தம்பி. மலாயாவுக்கு வந்து இரப்பர் தொழிலிலும் ஈடுபட்டார். யானை வேட்டையையும் செலாடாங் என்னும் காட்டெருது வேட்டையையும் பற்றி 1905 இல் ஒரு நூலே எழுதினார். அத்தகையவர் பிற்காலத்தில் துப்பாக்கியை ஒதுக்கி நிழற்படக் கருவியைக் கையிலெடுத்தார். பகாங்கில் வேட்டைக் காவல் அதிகாரியானார். விலங்குகளுக்காக அரசோடும் தோட்ட முதலாளிமாரோடும் ஓயாது வழக்காடினார். 1925 இல் குனோங் தாஹான் வட்டாரம் காப்பிடமாக ஒதுக்கப்பட்டதற்கு அவர் உழைப்பு ஒரு காரணம்.

1930 இல் மலாயா வனவிலங்கு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. குழு என்று பெயரேயொழிய, அதன் ஆணையர் ஹப்பேக் ஒருவரே. அவர் நாடெங்கும் சென்று சாட்சியம் கேட்டார். விலங்குகளால் பயிர் அழிகிறது என்று தோட்டத்தார் முறையிட்டனர். அவரோ, காப்பிடங்கள் பெருக வேண்டும், தனியாக ஓர் இலாகா வேண்டும், இறைச்சிக்காகவும் கொம்புக்காகவும் நடக்கும் வணிக வேட்டை நிற்க வேண்டும் என்று வற்புறுத்தினார். மூன்று தொகுதிகளாக அவரது அறிக்கை வெளிவந்த ஆண்டு 1932. மலாயாவின் கடைசிச் சாவகக் காண்டாமிருகம் பேராக்கில் சுட்டு வீழ்த்தப்பட்டதும் அதே 1932 இல்தான். சுட்டவர் ஆர்தர் வெர்னே; உடல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. கள்ள வேட்டைக்காரன் எவனும் அங்கில்லை. அறிவியலின் பெயரால் ஓர் இனம் இந்நாட்டில் முற்றுப்பெற்றது. மாணவர்க்கு ஆண்டுகளை மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர்கள் இந்த ஓர் ஆண்டையேனும் இருமுறை சொல்லலாம்.

ஹப்பேக்கின் கனவில் பெரும்பகுதி 1938-39 இல் நிறைவேறியது. பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலச் சுல்தான்களின் இசைவோடு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்கா உருவாயிற்று. இன்று அது தாமான் நெகாரா. ஹப்பேக் 1942 இல், சப்பானியர் படையெடுப்பின்போது காணாமற்போனார்.

விடுதலைக்கு முன்னர் 1955 இல் ஒரு சட்டமும், பின்னர் 1972 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. இந்தியாவின் வனவிலங்குச் சட்டமும் 1972 இல் வந்ததே. இதற்கிடையே நெகிரி செம்பிலானில் பால்மரத்தின் இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டது. தோட்டம் மாறியதால் காடு எவ்வாறு மாறியது என்பதற்குச் சிம்பாங் பெர்த்தாங்கை அடுத்த பாசோ காடு தக்க சான்று. 1970களிலிருந்து உலக அறிஞர்கள் ஆய்ந்துவரும் காடு அது. 1990களின் இடையில் அங்கே சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 47 காட்டுப்பன்றிகள் இருந்தன என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. இயல்பான காட்டில் இத்தனை பன்றிகள் இரா. சுற்றிலும் செம்பனைத் தோட்டம். ஆண்டு முழுதும் உதிரும் பழம். பன்றியைத் தின்னப் புலியும் சிறுத்தையும் அனேகமாக இல்லை. குட்டி ஈனும் பன்றி இளமரங்களை ஒடித்துக் கூடு கட்டுவதால், நாளைய பெருமரங்கள் கன்றிலேயே அழிந்தன. காட்டின் ஓரத்தில் ஒரு மரமும் வெட்டப்படாமலே காட்டின் உள்ளே மரம் குறைகிறது. புலி ஒன்று போனால் போவது புலி மட்டும் என்று எண்ணுவோர் பாசோவுக்கு ஒருமுறை சென்று வரலாம்.

1950களில் மலாயாவில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்தன என்பது, திரங்கானுப் புலிகளைப் பற்றி 1954 இல் நூல் வெளியிட்ட லாக் என்பாரின் மதிப்பீடு. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு, எஞ்சியவை 150க்கும் குறைவு என்று கண்டது. இடம் சுருங்கியது ஒரு காரணம். ஆயின் காடு எஞ்சியுள்ள இடத்திலும் புலி எஞ்சவில்லையே, அது ஏன்? அங்கேதான் கம்பிக் கண்ணி வருகிறது. துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். அதன் ஓசை காட்டிக்கொடுக்கும். மிதிவண்டி, மோட்டார் சைக்கிள் தடுப்புக் கம்பியாலும் செய்யக்கூடிய சுருக்குக் கண்ணிக்கு விலையுமில்லை, ஓசையுமில்லை. விலங்கு செல்லும் தடத்தில் வளைத்த இளமரத்தோடு கட்டிவிட்டால், மானாயினும் புலியாயினும் கரடியாயினும் காலைக் கொடுத்தது மாட்டும். வைத்தவன் வாராது போனாலும் கண்ணி காத்திருக்கும். இந்தோசீன நாடுகளிலிருந்து வந்து வாரக்கணக்கில் காட்டில் தங்கும் கும்பல்கள் பல பிடிபட்டுள்ளன. அவர்களுள் சிலர் அகில் கட்டை தேடி வந்தவர்கள். நம் பழம்பாடல்களில் மணக்கும் அகிலுக்கு இப்படியும் ஒரு புகை உண்டு.

சட்டம் இதற்கு முன் எவ்வாறு நின்றது? 2005 இல் கிளந்தானின் தும்பாட்டில், துண்டு போடப்பட்ட புலி ஒன்று குளிர்பதனப் பெட்டியில் கிடைத்தது. வைத்திருந்தவருக்கு 7,000 ரிங்கிட் அபராதம். புலியின் எலும்பும் தோலும் கள்ளச் சந்தையில் பெறும் விலையோடு ஒப்பிட்டால், அபராதம் தொழிற்செலவில் ஒரு சிறு பகுதி. பொதுமக்கள் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை.

இன்னொரு வழக்கு நம் வட்டாரத்துக்கு மிக அருகில் நிகழ்ந்தது. ராசாவிலிருந்து சிப்பாங் விமான நிலையம் செல்ல ஒரு மணி நேரம் ஆகாது. 2010 ஆகஸ்டில் அங்கே ஒரு பயணப்பெட்டி உடைந்தது. உள்ளே 95 போவா மலைப்பாம்புகள். பெட்டிக்குரியவர் பினாங்கைச் சேர்ந்த ஆன்சன் வோங். காட்டுயிர் கடத்தலுக்காக 2001 இல் அமெரிக்க நீதிமன்றம் 71 மாதச் சிறைத்தண்டனை விதித்த அதே ஆள். கீழ் நீதிமன்றம் ஆறு மாதச் சிறை தந்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய, உயர்நீதிமன்றம் அதனை ஐந்தாண்டாக்கியது. 2012 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனைக் குறைக்கவே அவர் வெளிவந்தார். 1972 சட்டத்துக்கு மாற்றாக வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010 திசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது வந்தபோது, புலியை வேட்டையாடினால் அபராதம் 100,000 ரிங்கிட்டில் தொடங்கியது. 2022 இல் உச்ச அபராதம் பத்து இலட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது. அதே 2022 சூலையில் கிள்ளான் துறைமுகத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சரக்குப் பெட்டகத்தில் 6,000 கிலோ யானைத் தந்தமும், உடன் காண்டாமிருகக் கொம்பும் அழுங்குச் செதிளும் கைப்பற்றப்பட்டன. அழிந்துவரும் உயிரினங்களின் வணிகம் குறித்த பன்னாட்டு உடன்படிக்கையில் மலேசியா 1977 இல் சேர்ந்தது. சேர்ந்து 45 ஆண்டுக்குப் பின்னும் பெட்டகங்கள் இவ்வழி வருகின்றன. இந்நாட்டுக் காண்டாமிருகங்களின் கதையோ முடிந்துவிட்டது. சுமத்திரா காண்டாமிருகம் மலேசியக் காடுகளில் அற்றுப்போயிற்று என 2015 இல் அறிவிக்கப்பட்டது. காப்பகத்தில் இருந்த கடைசிப் பெண்விலங்கு இமான் 2019 நவம்பர் 23 இல் சபாவில் இறந்தது.

இவ்வளவும் பிறர் குற்றம் என்று நாம் ஒதுங்க இயலாது. தமிழகக் கரையோரத்திலும் ஆந்திரத்திலும் பிடிக்கப்படும் நட்சத்திர ஆமைகள் சென்னை, திருச்சி விமான நிலையங்கள் வழியாக இந்நாட்டுக்குக் கடத்தப்படுவது பலமுறை வெளிப்பட்டது. வீட்டில் ஆமை வளர்த்தால் நற்பேறு என்று நம்பி வாங்குவோர் பல நாடுகளிலும் உள்ளனர். 2019 இல் அவ்வுயிருக்குப் பன்னாட்டு வணிகம் முற்றிலும் தடை செய்யப்பட்டது. நெருங்கிப் பார்த்தால், லயத்துச் சமையற்கட்டிலும் உடும்பும் முள்ளம்பன்றியும் அழுங்கும் வெந்ததுண்டு. பற்றாக்கூலியில் வாழ்ந்த குடும்பத்துக்கு அஃது இறைச்சி. ஈளைக்கும் முதுகுவலிக்கும் மருந்து என்றும் சொன்னார்கள். அன்று பிடித்தது அன்றே தின்று தீர்ந்தது. இன்று அழுங்கு தோட்டத்தில் பிடிபட்டால் சட்டியை அடைவதில்லை. தரகர் கைக்குப் போகிறது. 2019 பிப்ரவரியில் சபாவில் ஒரே சோதனையில் ஏறத்தாழ 30 டன் அழுங்கும் அழுங்கிறைச்சியும் கண்டெடுக்கப்பட்டன. இத்தனையையும் ஒருவர் பிடித்திருக்க முடியாது. தோட்ட ஓரங்களிலும் கம்பங்களிலும் ஒன்றிரண்டாகப் பிடித்து விற்ற பல கைகள் அதன் பின்னே உண்டு.

ராசாவின் பால்மரக் காடுகள் இன்று பெரும்பாலும் வீடமைப்புப் பகுதிகள். அப்பால் ஜெலுபு மலைகளில் மத்திய மலைத்தொடரின் தென்முனைக் காடு இன்னும் இருக்கிறது. அழுங்கு பெருங்காட்டில் மட்டும் வாழும் உயிரன்று. எறும்பும் கறையானும் தேடி இரவில் இரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்குள்ளும் வரும். பற்களற்ற அதற்கு எதிர்த்துப் போரிடத் தெரியாது. அஞ்சினால் தலையை வயிற்றுக்குள் செருகி உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். அந்தச் செதிள் உருண்டையைக் கடித்துப் பிளக்கப் புலியும் திணறும். மனிதன் அதனைக் கடிக்க வேண்டியதில்லை. சுருண்டு கிடப்பதைக் குனிந்தெடுத்துக் கோணிக்குள் போட்டு, வாயைக் கட்டிவிடுகிறான்.