உப்பிலிருந்து வந்த புழு

மரக்காணம் என்றதும் நம் நினைவுக்கு வருவது உப்பளம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்றவர்கள் வெயிலில் பளபளக்கும் பாத்திகளையும் வரிசையாகக் குவித்த உப்பையும் பார்த்திருப்பார்கள். பக்கிங்காம் கால்வாயின் தென்முனை இவ்வூரில்தான் முடிகிறது. பக்கத்தில் கழுவேலி என்னும் பரந்த நீர்நிலை இருக்கிறது. மழைக்காலத்தில் அதில் நன்னீர் நிறையும். பிறகு முகத்துவாரத்தின் வழியே கடல் நீர் வந்து கலக்கும். 2021-ல் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

நன்னீரும் உப்பு நீரும் கலக்கும் இத்தகைய இடங்கள் கொடுவா மீனுக்கு ஏற்றவை. இன்று தமிழகக் கடற்கரையில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோர் சிலர் கொடுவாவைப் பிடிக்க இறாலுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் புழுவை முள்ளில் கோர்க்கிறார்கள். தடித்த உடலும் சுருண்ட வாலும் கொண்ட அந்தப் புழுவுக்கு மணமும் இல்லை, உயிரும் இல்லை. அப்படியிருந்தும் மீன் அதைக் கவ்வுகிறது. இந்தப் புழு எங்கே, எப்படிப் பிறந்தது? மீன் ஏன் ஏமாறுகிறது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்போம்.

தூண்டிலின் பழங்கதை

தூண்டில் நமக்குப் புதிதன்று. யானை வளைத்துப் பிடித்த மூங்கிலைக் கைவிட, அது மீன் பிடிப்பவன் உயர்த்தும் தூண்டிலைப் போல நிமிர்ந்தது என்று குறுந்தொகையில் ஓர் உவமை வருகிறது. வளைந்த மூங்கிலில் சேமிக்கப்படும் மீள்விசை ஆற்றலை அன்றைய புலவர் கூர்ந்து பார்த்திருக்கிறார்.

பொய் இரையின் வரலாறும் மிகப் பழையது. மாசிடோனியாவில் சிவப்புக் கம்பளி நூலையும் சேவல் இறகையும் முள்ளில் சுற்றி, பூச்சி போலக் காட்டி மீன் பிடித்தார்கள். ஏறத்தாழ கி.பி. 200-ல் ஈலியன் என்னும் ரோமானிய எழுத்தாளர் இதைக் குறித்து வைத்தார். கரண்டி வடிவில் உலோகத்தால் செய்த இரைக்கு அமெரிக்காவில் ஜூலியோ பியூல் என்பவர் 1852-ல் காப்புரிமை பெற்றார். சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-ல் ஒரு நூலே எழுதினார். அதே காலத்தில், சென்னைப் படையில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே இந்திய மீன்களைப் பற்றிய தம் பெருநூலை 1875 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார்.

ஆனால் இறகும் மரமும் உலோகமும் புழுவைப் போல் நெளிவதில்லை. ரப்பரில் புழு செய்து பார்த்தவர்களும் உண்டு. அது விறைப்பாக இருந்ததே தவிர உயிருள்ளதாகத் தோன்றவில்லை. மென்மையான ஒரு பொருள் தேவைப்பட்டது.

தோல்வியில் கிடைத்த மென்மை

அந்தப் பொருளின் மூலம் பாலிவினைல் குளோரைடு, சுருக்கமாகப் பி.வி.சி. ஜெர்மன் வேதியியலர் யூஜென் பவுமன் 1872-லேயே இதைத் தயாரித்தார். ஆனால் அது கடினமாகவும் எளிதில் உடைவதாகவும் இருந்ததால் யாருக்கும் பயன்படவில்லை.

1926-ல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில் வால்டோ செமன் என்னும் வேதியியலர் பணிபுரிந்தார். உலோகத்தோடு ரப்பரை ஒட்டவைக்கும் பசை ஒன்றை அவர் தேடிக்கொண்டிருந்தார். உயர்ந்த கொதிநிலை கொண்ட ஒரு திரவத்தில் பி.வி.சி.யை இட்டுச் சூடாக்கினார். ஆறியபின் கிடைத்தது பசை அன்று. இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் ஒரு கூழ்மம்!

காரணம் எளியது. பி.வி.சி.யின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். திரவத்தின் சிறு மூலக்கூறுகள் இடையே நுழைந்ததும் அந்தப் பிடி தளர்கிறது. சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. இத்தகைய திரவத்தை இளக்கி எனலாம். இளக்கி கூடக்கூடப் பொருள் மென்மையாகும். தண்ணீர்க் குழாயும் மழைக்கோட்டும் பி.வி.சி.தான், வேறுபாடு இளக்கியின் அளவில் இருக்கிறது.

அதே அக்ரன் நகரில் 1949-ல் நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவி காஸ்மாவும் இந்த வேதியியலை வீட்டு அடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். உண்மையான மண்புழுவைக் கொண்டு அச்சு எடுத்து, அதில் சூடான வினைல் குழம்பை ஊற்றினார்கள். அமெரிக்க ஏரிகளில் வாழும் பாஸ் என்னும் மீன் அந்தப் புழுவை விரும்பிக் கவ்வியது. 1970-களின் தொடக்கத்தில் லூயிசியானா மாநிலத்தில் அதற்குச் சுருண்ட மெல்லிய வால் அமைந்தது. வண்டுப் புழுவை ஒத்த தடித்த உடலும், ஈயத் தலை பொருத்திய முள்ளும், சுருள் வாலும் கொண்ட 'கிரப்' அப்போதுதான் உலகெங்கும் பரவியது.

நம் கொடுவாவை ஆங்கிலத்தில் கடல் பாஸ் என்பார்கள். பெயரில் ஒற்றுமை இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். பதுங்கியிருந்து பாய்ந்து இரை பிடிக்கும் பழக்கம் இரண்டுக்கும் பொதுவானதால் ஒரே புழு இரண்டையும் ஏமாற்றுகிறது.

இங்கே ஒரு சிறு கணக்கு. பி.வி.சி. சங்கிலியின் ஒரு கண்ணியான வினைல் குளோரைடின் மூலக்கூறு எடை 62.5. அதில் குளோரின் மட்டும் 35.5, அதாவது ஏறக்குறைய 57 விழுக்காடு. குளோரின் எதிலிருந்து கிடைக்கிறது? உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் கிடைக்கிறது. மரக்காணத்துப் பாத்தியில் விளையும் உப்பும் பி.வி.சி.யும் இப்படி உறவினர்கள். தமிழ்நாட்டில் மேட்டூரில் 1960-களிலேயே பி.வி.சி. தயாரிப்பு தொடங்கிவிட்டது.

மீன் ஏன் ஏமாறுகிறது?

கலங்கிய கழிமுக நீரில் கண் அதிகம் உதவாது. மீனின் உடலில் இருபுறமும் செவுள் முதல் வால் வரை ஒரு கோடு ஓடும். இது பக்கக் கோடு. அதிலுள்ள நுண்ணிய மயிர் போன்ற உணர்செல்கள் அருகில் நீர் அசைவதை உணர்ந்துகொள்ளும். வினாடிக்குச் சில அதிர்வுகள் முதல் நூற்றுச் சொச்சம் அதிர்வுகள் வரை இதற்கு நன்கு புலப்படும்.

சுருள் வால் நீரில் இழுபடும்போது அதன் இருபுறமும் மாறி மாறிச் சுழல்கள் பிரிகின்றன. கொடி காற்றில் படபடப்பதைப் போல வாலும் துடிக்கிறது. நீந்தும் மீனின் வால் அடிக்கும் அதிர்வெண்ணை வாலின் வீச்சால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் பொதுவாக 0.2 முதல் 0.4 வரை வருவதைக் கண்டிருக்கிறார்கள். நம் புழு வினாடிக்கு 50 செ.மீ. வேகத்தில் போகிறது, அதன் வால் வீச்சு 1 செ.மீ. என்று கொள்வோம். அதே விகிதத்தைப் பொருத்தினால் வினாடிக்கு 10 முதல் 20 துடிப்புகள் வரும். சிறு மீன் ஓடும்போது எழும் அசைவும் இத்தகையதே. பக்கக் கோட்டின் கணக்கில் அங்கே ஓர் இரை ஓடுகிறது!

உடனே கொடுவா வாயைத் திடீரென அகலத் திறக்கிறது. வாய்க்குள் அழுத்தம் சட்டெனக் குறைகிறது. வெளியிலுள்ள நீர் இரையோடு உள்ளே பாய்கிறது. கடித்த பொருள் மரமாகவோ உலோகமாகவோ இருந்தால் மீன் விரைவில் துப்பிவிடும். மென்மையாக இருப்பதால் சற்றுத் தாமதிக்கிறது. அந்தத் தாமதம் தூண்டில்காரருக்குப் போதுமானது.

விளையாட்டும் பொறுப்பும்

இந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு விலை உண்டு. பாறையிலும் வேரிலும் சிக்கி அறுந்துபோகும் புழுக்கள் நீருக்கடியில் கிடக்கின்றன, எளிதில் மட்குவதில்லை. அமெரிக்காவில் டிரவுட் வகை மீன்களைக் கொண்டு நடத்தி 2009-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மீன்கள் தொட்டியில் கிடந்த மென்பிளாஸ்டிக் புழுக்களைத் தாமாகவே விழுங்கின. அவற்றின் வளர்ச்சி குன்றியது.

இன்னொன்றும் உண்டு. கொடுவா பிறக்கும்போது பெரும்பாலும் ஆண். சில ஆண்டுகள் வளர்ந்தபின் பெண்ணாக மாறுகிறது. ஆகவே பெரிய கொடுவா ஏறத்தாழ எல்லாமே பெண். ஒரு பெரிய பெண் மீன் பல இலட்சம் முட்டைகள் இடும். 'பெரிய மீன் பிடித்தேன்' என்று பெருமை கொள்பவர் அடுத்த தலைமுறையையும் சேர்த்தே பிடித்துவிடுகிறார். இதனால்தான் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 செ.மீ.க்குக் குறைந்த கொடுவாவோடு 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் நீரில் விட்டுவிட வேண்டும் என்று விதி வைத்தார்கள்.

சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் கொடுவாவைப் பண்ணைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யவைப்பதில் வெற்றி கண்டது. பண்ணைகளுக்கு வேண்டிய குஞ்சுகள் இன்று அம்முறையில் கிடைக்கின்றன. ஆனால் காட்டு மீன் வளத்துக்குப் பண்ணைக் குஞ்சு ஈடாகாது. கழிமுகம் தூர்ந்துபோகாமல் கடலோடு கலந்திருக்க வேண்டும். முட்டையிடும் தாய் மீன்கள் கடலுக்குப் போகும் வழி திறந்திருக்க வேண்டும்.

கம்பளி நூலில் தொடங்கிய பொய் இரை, உப்பின் குளோரினில் உருவான புழுவாக வளர்ந்திருக்கிறது. மீனை ஏமாற்றும் கலையில் மனிதன் வெகுதூரம் வந்துவிட்டான். அறுந்த புழுவைத் தேடி எடுப்பதும், தாய் மீனை முள்ளிலிருந்து விடுவித்துத் திரும்ப நீரில் விடுவதும் அந்தக் கலையின் பாடமாக வேண்டும். இல்லையேல் பெட்டி நிறையப் புழு இருக்கும். கவ்வுவதற்குக் கொடுவா இருக்காது.