வந்துபோனவர்களின் கரை

தேசூரில் கடல் கிடையாது. ஏரி உண்டு, தறி உண்டு, வந்தவாசிக்குப் பஸ் உண்டு. ஆனாலும் எங்கள் தெருவில் கடலைப் பார்க்காத கிழவி ஒருத்தியைக்கூட நான் கண்டதில்லை. பட்டு நெய்கிறவர்களுக்குத் தறிக்குழியை விட்டு ஏறி வெளியே வர ஒரே ஒரு தோதுதான் உண்டு. நெய்த சேலையை முதலாளியிடம் கொடுத்துக் கூலி வாங்கி, அடுத்த பாவு தறியில் ஏறுவதற்கு முன்னால் கிடைக்கிற இரண்டொரு நாள். அந்த நாளில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்துக் கிழக்கே கிளம்புவார்கள். திருக்கழுக்குன்றத்தில் கழுகு வந்தாலும் கும்பிடு, வராவிட்டாலும் கும்பிடு. அப்புறம் மாமல்லபுரத்தில் கால் நனைப்பு. சங்கு மாலை ஒன்று, வெள்ளரிப் பிஞ்சு இரண்டு, ராத்திரிக்குள் வீடு.

நெசவுக்காரர் வீட்டில் பிறந்து தறியில் உட்காராமல் தப்பித்தவன் நான். வந்தவாசி வட்டாரப் பள்ளிகளில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றேன். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகிற பொறுப்பு வருஷா வருஷம் என் தலையில்தான் விழும். அதனால் திருவான்மியூர் தொடங்கி மாமல்லபுரம் வரையிலான கரையை பஸ் ஜன்னல் வழியாகவே பல காலமாகப் பார்த்து வந்திருக்கிறேன். அந்தக் கரையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. குப்பத்து மக்களைத் தள்ளிவைத்துப் பார்த்தால், அது எந்தக் காலத்திலும் வந்துபோனவர்களின் கரை. இப்போதுதான் வருகிறவர்கள் தங்குகிறார்கள். தங்குகிறவர்கள் சுவர் வைக்கிறார்கள்.

முதலில் வந்துபோனவர்கள் நம் துணிக்காகத்தான் வந்தார்கள். தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டித் துணி ஏற்றினார்கள். கோவளத்தில் 1720 வாக்கில் கடை விரித்தவர்கள் பெல்ஜியத்து ஆஸ்டெண்ட் நகரத்துக் கம்பெனிக்காரர்கள். இங்கிலீஷ்காரரும் டச்சுக்காரரும் பொறாமைப்பட்டு நெருக்கியதில், 1731-ல் அந்தக் கம்பெனியே இல்லாமல் போயிற்று. பிறகு ஆற்காட்டு நவாப் கோவளத்தில் கோட்டை கட்டினார், பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், கிளைவ் வந்து இடித்தார். 1751 டிசம்பரில் எங்கள் ஆரணியில் சண்டை போட்ட அதே கிளைவ், 1752-ல் கோவளத்தில். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். வந்தவாசிப் போர் எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆரணியையும் கோவளத்தையும் ஒரே ஆள் ஒரு வருஷத்துக்குள் மிதித்தான் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

ஆஸ்டெண்ட் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று படங்களில் பார்த்தேன். பெல்ஜியத்தின் மொத்தக் கடற்கரையே எழுபது கிலோமீட்டருக்கும் குறைவு. அதில் பெரும்பகுதி முழுக்க அடுக்குமாடிகள், கடலுக்கும் ஊருக்கும் நடுவே எழுப்பிய மதில் போல. ஒரு காலத்தில் ராஜ குடும்பம் குளிக்க வந்த ஒய்யாரமான கடலோர ஊர் அது. நம் துணிக்குக் கப்பல் அனுப்பியவர்கள் நமக்கு முந்தியே இந்தப் பாடத்தையும் படித்து முடித்துவிட்டார்கள்.

கோட்டைகள் இடிந்த பிறகு நெடுங்காலம் அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மணல், பனை, குப்பங்கள், பக்கிங்ஹாம் கால்வாயில் விறகுப் படகு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று சென்னைக் கடற்கரை நெடுகச் சவுக்கு போட்டார்கள். பழைய சினிமாப் பாட்டுகளில் கதாநாயகி ஓடி ஒளிகிற சவுக்குத் தோப்பு ஆதியிலிருந்து அங்கே நின்றதல்ல. அதுவும் ஒரு பயிர்தான். வெட்டியதும் மனையானது. சவுக்குக்காக அழுகிற கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு லேசாகச் சிரிப்பு வரும்.

1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் வாங்கிச் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். அதற்குக் காசு வந்த வழிதான் எனக்குப் பிடித்த சங்கதி. படம் விற்றுப் பிழைக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். துணியில் மெழுகு ஊற்றிச் சாயம் தோய்க்கிற பாத்திக் வேலை செய்து, அதை விற்ற பணத்தில் மணல் வாங்கினார்கள். துணி விற்ற காசு அந்தக் கரையில் நிலமானதற்கு நான் அறிந்த உதாரணம் அது ஒன்றுதான். எங்கள் தெருவில் யாரும் அப்படி நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. கூலியாக வந்த காசு நூல்கடனுக்கும் கல்யாணத்துக்கும் சரியாகப் போயிற்று.

அதற்குப் பிறகுதான் நம்மைப் போன்றவர்களின் பொற்காலம். தவணைமுறையில் ரேடியோ விற்றுப் பேர் வாங்கிய வி.ஜி. பன்னீர்தாஸ், அதே ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. கோல்டன் பீச் வைத்தார். டிக்கெட் எடுத்து உள்ளே போனால் கடல். வாசலில் ராஜா வீட்டுக் காவல்காரன் உடுப்பில், இமை கொட்டாமல் நிற்கிற சிலை மனிதன். அவனைச் சிரிக்கவைக்க என் மாணவர்கள் செய்யாத கோணங்கி இல்லை. ஒருத்தன் தலைமை ஆசிரியர் நடக்கிற மாதிரி நடந்து காட்டினான். சிலை அசையவில்லை, பின்னால் நின்ற தலைமை ஆசிரியர்தான் சிரித்துவிட்டார்.

வடநெம்மேலியில் 1976-ல் ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணை. முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை. கோவளத்தில் தாஜ் குழுமத்தின் ஃபிஷர்மேன்ஸ் கோவ், அதை நாங்கள் வெளியிலிருந்து மட்டும் பார்ப்போம். மாமல்லபுரத்தை நெருங்கும்போது சில்வர் சாண்ட்ஸ், ஐடியல் பீச் என்று பெயர்ப்பலகைகள். பணக்காரர்களுக்கு ரிசார்ட், வெள்ளைக்காரப் பையன்களுக்கு மீனவர் குடியிருப்பில் நாள் வாடகை அறை, எங்களுக்கு டிக்கெட். தட்டு வேறு வேறாக இருந்தாலும் எல்லோருக்கும் ஒரு ஒற்றுமை இருந்தது. சாயங்காலமோ மறுநாளோ மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். காலி செய்கிற இடத்துக்கு யாரும் வேலி போட மெனக்கெடுவதில்லை.

1996-ல் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா திறந்தது. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு ஒன்று அங்கே இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போனபோது எங்கள் தெருப் பையன் ஒருவன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சார், இதுக்குப் போயி டிக்கெட்டா? எங்க பாட்டி வூடு இதவிடப் பெருசு” என்றான். அந்தப் பாட்டி வீடு இன்று இல்லை. தறிக்குழியை மண் போட்டு மூடி, டைல்ஸ் ஒட்டி, மாடி எடுத்தாகிவிட்டது. தறி விற்ற காசில் வாங்கிய டிவிஎஸ் வாசலில் நிற்கிறது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் சந்தோஷம்தான், நெய்ய ஆள் வேண்டுமே. அதை வேறொரு நாள் எழுத வேண்டும்.

கரையை மாற்றியது சாலை. தொண்ணூறுகளின் கடைசியில், துண்டு துண்டாகக் கிடந்த கடலோர வழிகளைச் சேர்த்துக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஆயிற்று. 2002-ல் சுங்கம் வசூலிக்கத் தொடங்கினார்கள். ஒரு நாள் பயணமாக இருந்த தூரம் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. பக்கத்திலேயே பழைய மாமல்லபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் எழுந்தன. அங்கே சம்பாதிக்கிறவர்களுக்கு இங்கே வீடு. 2011-ல் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி எல்லாம் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. சவுக்குத் தோப்பு வாரக்கடைசி பங்களாவானது, பங்களா வில்லா வரிசையானது, வில்லாவுக்குப் பக்கத்தில் அடுக்குமாடி வந்தது. வீட்டிலேயே டிவியும் ஏசியும் வந்துவிட்டதால், சாமானியர்களுக்கும் டிக்கெட் எடுத்துப் பார்க்கிற சந்தோஷங்கள் குறைந்துபோயின. காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கிற பிரார்த்தனா டிரைவ்-இன் கூட மூடிவிட்டது.

இன்னும் உயரமாக ஏன் எழும்பவில்லை என்று கேட்டால், காரணம் மணலுக்கு அடியில் இருக்கிறது. திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை அந்த மணல்மேட்டுக்குள் நல்ல தண்ணீர் ஊறிக் கிடக்கிறது. குடிநீர் வாரியமே ஒரு காலத்தில் அங்கிருந்து இறைத்துச் சென்னைக்குக் கொடுத்தது. அதைக் காப்பாற்றத்தான் பெருநகர வளர்ச்சிக் குழுமம் உத்தண்டி வரை அந்தப் பட்டையில் உயரக் கட்டடம் கூடாது என்று வைத்தது. இத்தனைக்கும் தண்ணீர் போதவில்லை. 2013-ல் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்க நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலை, 2024-ல் அதன் பக்கத்தில் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. மணலில் சும்மா கிடைத்ததை உறிஞ்சிவிட்டுக் கடலைக் காய்ச்சாத குறையாக வடிகட்டிக் குடிக்கிறோம்.

இன்னொரு தடை 1991-ன் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை. கிராமக் கரைகளில் கடலின் உயர்மட்டக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குப் புதிய கட்டடம் கூடாது. அதற்கப்பால் 500 மீட்டர் வரை நிபந்தனைகள். மக்கள் நெருக்கமான கிராமப் பகுதிகளில் அந்த 200-ஐ 50 ஆக்கியது 2019-ன் அறிவிக்கை. பழைய அறிவிக்கையின் பின்னிணைப்பில் ஒரு வரி உண்டு. இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு நடுவே 20 மீட்டர் அகலமாவது இடைவெளி விட வேண்டும், பொதுஜனம் கடலுக்குப் போக. எழுதியவர் யாரோ, நல்ல மனுஷன். ஆனால் விடுதிகள்தான் வரும் என்று எண்ணி எழுதியிருக்கிறார். வந்தது வீடுகள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கரையோரம் இருந்த மீனவர்களைத்தான் உள்ளே தள்ளிக் குடியேற்றப் பார்த்தது அரசு. ஆபத்து என்று காரணம் சொன்னார்கள், உண்மையும்கூட. அதே ஆபத்து ‘சீ வியூ’ என்ற பெயரில் சதுர அடிக்குக் கூடுதல் விலைக்கு விற்பதை எந்தப் பாடத்தில் சேர்த்து நடத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி மகன் கானத்தூர் தாண்டி அப்படி ஒரு வீடு வாங்கியிருக்கிறான். கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். கேட்டில் பெயர், ஊர், யார் வீடு, போன் நம்பர் எல்லாம் எழுதச் சொன்னார் காவலாளி. ஊர்ப் பெயரைப் பார்த்ததும் முகம் மாறியது. “தேசூருங்களா? நான் ஆரணிப் பக்கம். தறி ஓட்டினவன்தான் ஐயா, முழங்கால் போயிடுச்சி.” மாடியிலிருந்து கடல் நன்றாகத் தெரிந்தது. கால் நனைக்கலாம் என்று இறங்கி வந்தால் கடல் பக்கத்து இரும்புக் கதவில் பூட்டு. “அந்தச் சாவி சங்கத்துகிட்ட. ஞாயித்துக்கிழமை காலைலதான். நீங்க ரோட்டோட நாலு தெரு போங்க, குப்பத்து வழி இருக்கு.” போனேன். மீன் காயப்போட்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, “மனை பாக்க வந்தீங்களா?” என்று கேட்டார். கடல் பார்க்க என்றேன். “அதுக்குத் தாராளமா போங்க, வலைய மட்டும் மிதிக்காதீங்க.”

மாமல்லபுரம் மட்டும் இன்னும் மூச்சு விடுகிறது. 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னமான இடம். கோயில்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் எதுவும் கட்ட முடியாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். பல்லவர்கள் கல்லில் செய்து வைத்த காவல் என்று சொல்லலாம். அதனால்தான் மாசி மகத்துக்கு இருளர்களால் இன்னும் அங்கே வர முடிகிறது. வடதமிழ்நாட்டுப் பல ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, சேலையும் போர்வையும் கட்டி மணலில் கூடாரம் போட்டு, கடலில் இருந்து வருகிற கன்னியம்மாவைக் கும்பிடுவார்கள். பொழுது விடியும்போது மணலில் மேடை கட்டிக் கல்யாணம், மொட்டை, காது குத்து. ஒருமுறை பார்த்தேன். கூடாரத்துக்குக் கட்டியிருந்தது அத்தனையும் நைலக்ஸும் பாலியெஸ்டரும். பட்டுக்காரன் கண், அதைத்தான் முதலில் பார்க்கிறது. யாருக்கும் பட்டா இல்லை, முன்பதிவு இல்லை. இந்தக் கரைக்கு அவர்களைவிடப் பழைய உறவினர்கள் குப்பத்து ஆட்கள் மட்டுமாகத்தான் இருப்பார்கள்.

இதையெல்லாம் தம்பி மகனிடம் சொன்னேன். அவன் கோபப்படவில்லை.

“பெரியப்பா, நீங்க வருஷத்துக்கு ஒரு நாள் வந்து பார்த்துட்டுப் போயிடுவீங்க. நான் இருபது வருஷம் இஎம்ஐ கட்டணும். கதவைத் திறந்து வைச்சா ராத்திரி பாட்டில் உடைக்க வர்றவங்களையும் நான்தான் பார்க்கணும்.”

அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. அப்பாவின் தறிக்கூலிக் காலத்தில் எங்கள் குடும்பத்தில் ஒருவன் கடலோரத்தில் கட்டில் போட்டுப் படுப்பான் என்றால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். எனக்கும் அந்தக் காற்றில் நல்ல தூக்கம் வந்தது. மாசி மகம் ஒரு நாளைக்காவது, விடிகாலையிலிருந்து மதியம் வரை, அந்தக் கதவைத் திறந்து வையுங்கள் என்று மட்டும் கேட்டேன்.

சங்கக் கூட்டத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றான். அதற்கு முன்னால் இரண்டாவது காருக்குப் பார்க்கிங் எங்கே என்ற தகராறு தீர வேண்டுமாம். அது போன வருஷத்திலிருந்து நடக்கிறது.