மதுரைக்கால்: ஒரு தப்பான பெயரின் வரலாறு

பாக்டீரியா உலகத்தில் ஒரு விநோதமான பெயர் இருக்கிறது: ஆக்டினோமதுரா மதுரே. ஒரே பெயருக்குள் மதுரை இரண்டு தடவை வருகிறது. இது போதாதென்று மதுரெல்லா என்று ஒரு பூஞ்சைப் பேரினமும் உண்டு. இத்தனைக்கும் காரணம் ஒரு கால். பாதம் வீங்கி, கட்டி தட்டி, பல இடங்களில் துளை விழுந்து, அந்தத் துளைகள் வழியாகக் குருணை குருணையாக எதையோ கசியவிடும் கால். மருத்துவப் புத்தகங்களில் அதற்குப் பெயர் ‘மதுரா ஃபுட்’. நாம மதுரைக்கால் என்று வைத்துக்கொள்வோம்.

யானைக்கால் வேறு, இது வேறு. யானைக்கால் கொசு கடித்து உள்ளே போகும் புழுவால் வருவது. மதுரைக்கால் மண்ணிலிருந்து வருவது.

1842இல் மதுரை மருந்தகத்தில் வேலை பார்த்த ஜான் கில் என்ற டாக்டர் இந்த நோயைப் பற்றி அறிக்கை எழுதினார். 1846இல் கோல்புரூக் என்பவரின் குறிப்பில் ‘மதுரா ஃபுட்’ என்ற பெயரே பதிவாகிவிட்டது. நோய் மதுரையில் பிறக்கவில்லை. அறிக்கை அங்கே பிறந்தது, அவ்வளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தன. 1910இல் ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போய், 1985க்குப் பிறகுதான் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்குள் வந்தன. ஜில்லா எல்லை நோய்க்குத் தெரியாது. அதற்கு வேண்டியது மூன்றே மூன்று: மண், முள், செருப்பில்லாத கால். மலையடிவாரத்தை விட்டுக் கிழக்கே சாத்தூர் பக்கம் போகப் போகக் கரிசலும் உடைமுள்ளுமாக விரியும் நிலத்தில் இந்த மூன்றுக்கும் எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை.

நடப்பது இதுதான். காட்டு வேலையில் முள் குத்துகிறது. எருக்கம்பாலை வைத்தோ ஊசியால் நோண்டியோ எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். முள்ளோடு போன மண்ணில் இருக்கும் நுண்ணுயிர் தோலுக்கு அடியில் தங்கிவிடுகிறது. அது தனித்தனியாகத் திரிவதில்லை. இழை இழையாகப் பின்னிக்கொண்டு, ஒரு பசை மாதிரியான பொருளால் தன்னைக் கெட்டியாக்கி, குருணையாக உட்கார்ந்துகொள்கிறது. உடலின் வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து சுற்றி வளைக்கின்றன. ஆனால் உள்ளே புக முடிவதில்லை. முற்றுகை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நீடிக்கிறது. சண்டை நடக்கும் ஊர்தான் சேதமாகும், இல்லையா? அப்படித்தான் தசை அழிகிறது, சீழ் கட்டுகிறது, புரையோடுகிறது, கடைசியில் எலும்பும் அரிக்கப்படுகிறது. இதில் பாதி வேலை கிருமி செய்வது, மீதி நம் உடலின் அழற்சியே செய்வது. இதில் கொடுமை, ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காத காலுக்காக யாரும் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை.

இனி பெயர் தப்பான கதைக்கு வருவோம். ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்று ஒருவர். உலகமே படித்த ‘கிரேஸ் அனாடமி’யின் முதல் பதிப்புக்கு (1858) படம் வரைந்தவர். அதே வருஷம் வேலைக்காக பம்பாய் வந்தார். வெட்டி எடுக்கப்பட்ட பாதங்களை அறுத்துப் பார்த்து, உள்ளே இருக்கும் குருணைகளைக் கவனித்து, இது பூஞ்சையால் வருவது என்று முடிவு கட்டினார். 1860 வாக்கில் ‘மைசெட்டோமா’ என்று பெயர் வைத்தார். பூஞ்சைக்கட்டி என்று பொருள். 1874இல் தனி நூலே எழுதினார். கறுப்புக் குருணை, வெளிறிய குருணை என்று இரண்டு வகை இருப்பதையும் அவர் பிரித்துச் சொல்லியிருந்தார். இடையில் பாதத்து மாதிரியில் முளைத்த ஒரு சிவப்புப் பூஞ்சைக்கு, இங்கிலாந்தின் பெரிய பூஞ்சையியலாளர் பெர்க்லி, கார்ட்டரின் பெயரையே சூட்டினார். பின்னால் பார்த்தால் அந்தப் பூஞ்சைக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை. வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

கார்ட்டரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஒரு நோய்க்கு ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று கோக் ஆந்த்ராக்ஸில் நிரூபித்ததே 1876இல். கிராம் சாயமுறை வந்தது 1884இல். அதோடு இந்த பாக்டீரியாக்கள் வேஷம் போடுவதில் கெட்டிக்காரர்கள். ஆக்டினோமைசீட்ஸ் எனப்படும் இந்தக் கூட்டம் பூஞ்சை மாதிரியே கிளைவிட்டு இழையாக வளரும். அகலம்தான் காட்டிக்கொடுக்கும். பாக்டீரியா இழை ஒரு மைக்ரான் அளவுதான். பூஞ்சை இழை அதைவிட இரண்டு மூன்று மடங்காவது தடிமன்.

1894இல் பிரெஞ்சு ராணுவ டாக்டர் ஹையசிந்த் வின்சென்ட், அல்ஜீரியாவில் ஒரு நோயாளியிடமிருந்து வெளிறிய வகைக் கிருமியைப் பிரித்து வளர்த்தார். இந்தியாவையே பார்க்காத அந்தக் கிருமிக்கு மதுரையின் பெயரை வைத்தார். 1913இல் பினோய் இரண்டையும் தெளிவாகப் பிரித்தார். ஒன்று நிஜமான பூஞ்சையால் வரும் மதுரைக்கால், இன்னொன்று பாக்டீரியாவால் வருவது. ஆனால் பொதுப்பெயர் மாறவில்லை. பாக்டீரியா நோய்க்கும் இன்றுவரை பூஞ்சைக்கட்டி என்றுதான் பெயர். சாஃப்ட்வேரில் இதை தினமும் பார்க்கிறோம். எவனோ அவசரத்தில் வைத்த வேரியபிள் பெயர் பதினைந்து வருஷம் கழித்தும் எல்லாரையும் தப்பான இடத்தில் தேட வைக்கும்.

பெயரில் என்ன இருக்கு என்று கேட்கலாம். இங்கே ஒரு கால் இருக்கிறது. பூஞ்சை வகைக்கு இட்ரகோனசோல் போன்ற மருந்தை மாதக்கணக்கில் கொடுத்து, பெரும்பாலும் அறுவை சிகிச்சையும் செய்ய வேண்டும். அப்படியும் திரும்ப வரலாம். பாக்டீரியா வகை மருந்துக்கு நன்றாகவே மடியும். கோ-டிரைமாக்ஸசோல் என்ற சாதாரண மாத்திரையோடு அமிகாசின் ஊசியைச் சேர்த்து, 1980களில் மெக்சிகோவின் வெல்ஷ் குழு காட்டிய வழி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு டாப்ஸோனும் ஸ்ட்ரெப்டோமைசினும் உதவின. ஸ்ட்ரெப்டோமைசினே மண்ணில் வாழும் இதே ஆக்டினோமைசீட்ஸ் குடும்பத்து பாக்டீரியாவிலிருந்து 1943இல் எடுக்கப்பட்டதுதான். மழை பெய்ததும் கரிசலிலிருந்து கிளம்பும் மண்வாசனையும் பெருமளவுக்கு இந்தக் கூட்டத்தின் வேலை. மண்ணுக்குள் விஷமும் மருந்தும் பங்காளிகள்.

ராஜஸ்தானின் வறண்ட பகுதிகளில் பூஞ்சை வகை அதிகம். தமிழ்நாட்டில் பாக்டீரியா வகை நிறையவே உண்டு. அதாவது நம்ம பக்கத்தில் ஒரு காலை வெட்டுவதற்கு முன், குருணையை எடுத்துச் சோதித்துப் பார்த்தால் அந்தக் கால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

மண்ணையும் முள்ளையும் பேசிவிட்டோம். மூன்றாவது மிச்சமிருக்கிறது: செருப்பில்லாத கால். காலனிய டாக்டர்கள் ‘வெறுங்காலோடு நடக்கும் உள்ளூர் வழக்கம்’ என்கிற தோரணையில் இதைக் கடந்துபோனார்கள். வழக்கமா அது? செருப்பு வாங்கக் காசில்லாததும் காரணம். காசிருந்தாலும் சில தெருக்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்ற சாதிக் கட்டுப்பாடும் காரணம். தென்மாவட்டங்களில் அது பழங்கதை இல்லை, நம் காலத்திலும் செய்தியாக வந்ததுதான். கிருமி சாதி பார்த்து ஏறுவதில்லை. ஆனால் யார் பாதம் மண்ணில் படவேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. கில்லின் அறிக்கையிலிருந்து கார்ட்டரின் நூல்வரை பாதங்கள் கவனமாக வர்ணிக்கப்பட்டிருக்கின்றன. டாக்டர்களின் பெயர் நோய்க்குள் நுழைந்தது, ஊரின் பெயர் கிருமிக்குள் நுழைந்தது. அந்தப் பாதங்களுக்கு உரியவர்களின் பெயரை வரலாறு தேடவே இல்லை.

2016இல் உலக சுகாதார நிறுவனம் மதுரைக்காலைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கில் எழுதி 174 வருஷம் கழித்து. ஊரில் யாருக்காவது பாதத்தில் வலிக்காத கட்டி இருந்து, அதில் சின்னத் துளை விழுந்து குருணை வந்தால், ‘சும்மா புண்ணுதான்’ என்று விட வேண்டாம். தோல் டாக்டரிடம் கூட்டிப்போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது பூஞ்சையா, பாக்டீரியாவா?