ரிஸ்க் முதல் 'சக்தி' வரை

1970களில் கணினிச் செயலிகளின் கட்டளைகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகிக்கொண்டே போயின. 1977இல் வெளிவந்த வாக்ஸ் கணினியில் சுமார் 300 கட்டளைகள்! ஆனால் ஓடும் நிரல்களை ஆராய்ந்தபோது, சில எளிய கட்டளைகளே திரும்பத் திரும்பப் பயன்படுவது தெரிந்தது. அப்படியானால் மற்றவை எதற்கு?

ஐபிஎம் நிறுவனம் 1975இல் தொடங்கிய 801 திட்டம் இந்த வழியில் முதலில் நடந்தது. 1980இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டேவிட் பேட்டர்சனும் அவருடைய மாணவர்களும் அதை ஒரே சில்லில் செய்ய முனைந்தனர். 'ரிஸ்க்' என்ற பெயரும் அங்கே பிறந்ததுதான். 1982இல் ரிஸ்க்-1 தயாரானது. அதில் இருந்தவை 44,420 டிரான்சிஸ்டர்கள், முப்பதுக்குச் சற்றே கூடுதலான கட்டளைகள், அவ்வளவுதான்.

அதன் வடிவமைப்பு எளிமையானது. எல்லாக் கட்டளைகளுக்கும் ஒரே நீளம், 32 பிட். நினைவகத்தைத் தொடுபவை எடுக்கும், வைக்கும் கட்டளைகள் மட்டுமே. கூட்டல், கழித்தல் எல்லாம் ரெஜிஸ்டர்களுக்குள்ளேயே முடிந்துவிடும். கட்டளைகள் எளிமையானதால் கட்டுப்பாட்டுச் சுற்றுக்குச் சில்லில் சுமார் 6 சதவீத இடமே போதுமானதாக இருந்தது. மிச்சமான இடத்தில் 78 ரெஜிஸ்டர்களை வைத்தார்கள். ஒரு நேரத்தில் நிரலின் கண்ணுக்குத் தெரிபவை 32 மட்டுமே. ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கும்போது இந்த 'ஜன்னல்' நகரும். இரண்டு ஜன்னல்களுக்கும் பொதுவான ரெஜிஸ்டர்கள் வழியே மதிப்புகள் போய்ச் சேரும். நினைவகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

இதே பெர்க்லியில் 2010இல் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைதான் ரிஸ்க்-5. இதன் கட்டளைத் தொகுப்பை யாரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதுவரை செயலி செய்ய விரும்பும் நாடு பெரும்பாலும் ஏதாவது ஒரு நிறுவனத்தின் உரிமத்துக்குக் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சில்லை வாங்க வேண்டும். பாதுகாப்புத் துறைக்கும் விண்வெளித் துறைக்கும் இது சின்ன விஷயமல்ல.

இந்தத் திறந்த கதவு வழியாகத்தான் சென்னை ஐஐடி நுழைந்தது. பேராசிரியர் காமகோடியின் தலைமையில் 2014இல் 'சக்தி' திட்டம் வேகம் பெற்றது. 2018இல் முதல் சில்லு அமெரிக்காவில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் தயாரானது. அதே ஆண்டு இன்னொன்று சண்டிகருக்கு அருகிலேயே 180 நானோமீட்டரில் உருவானது. 2020இல் 'மௌஷிக்' வந்தது. 2025இல் இஸ்ரோவுடன் இணைந்து 'ஐரிஸ்' சில்லு செய்யப்பட்டது.

180 நானோமீட்டர் பழைய நுட்பம்தான். ஆனால் வடிவமைப்பும் தயாரிப்பும் நம் நாட்டிலேயே நடந்தன. ரிஸ்க்-1ஐ வரைந்தவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள் என்பதும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.