யாழ்ப்பாண மாணவர் அவையும் நம் மலைச்சரிவும்

விடியுமுன்னரே போடிநாயக்கனூரிலும் தேவாரத்திலும் கோம்பையிலும் பெண்கள் தூக்குச்சட்டியுடன் ஜீப்புக்காகக் காத்து நிற்கின்றனர். மலையேறிச் சென்று, பூப்பாறை, சாந்தன்பாறைப் பகுதிகளின் ஏலத்தோட்டங்களில் நாள் முழுதும் உழைத்து, அந்தியில் வீடு திரும்புகின்றனர். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தில் அடங்கின. எனவே இப்பெண்கள் வாக்களிப்பது ஒரு மாநிலத்தில். வியர்வை சிந்துவது மற்றொரு மாநிலத்தில். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது, வதந்தியும் அச்சமும் பரவி, இவர்களுள் பலர் பிழைப்பை விட்டு மலையிறங்க நேர்ந்தது. அணையைப் பற்றி இரு பக்கத்திலும் பலர் பேசினர். ஆனால் இவர்களை அழைத்துக் கேட்டவர் எத்தனை பேர்?

இக்கேள்வியோடு வரலாற்றைப் புரட்டும்போது, கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் கூடிய ஒரு மாணவர் அவை நம் நினைவுக்கு வருகிறது. மதுரை, இராமநாதபுரம், திருச்சிச் சீமைகளின் வறண்ட ஊர்களிலிருந்து நம்மவர் இலங்கை மலைத்தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்றமையால், அவ்வவையின் கதை நமக்கு அந்நியமன்று.

1924 டிசம்பரில் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் பிறந்தது. ஹன்டி பேரின்பநாயகம் போன்ற இளம் ஆசிரியர்கள் அதன் உயிர்நாடியாக விளங்கினர். நாட்டு விடுதலை, தாய்மொழிக் கல்வி, தீண்டாமை ஒழிப்பு ஆகியவை அதன் குறிக்கோள்கள். அந்நிய நாட்டு அறிஞரையும் மாற்றுக் கருத்தினரையும் அழைத்துக் கேட்பது அதன் வழக்கம். 1926 ஜூலையில், ஆக்ஸ்போர்டில் பயின்று திரும்பிய சிங்கள இளைஞர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா அங்கு உரையாற்றினார். அதற்குச் சற்று முன்னரே 'சிலோன் மார்னிங் லீடர்' நாளிதழில் அவர் தொடர் கட்டுரைகள் எழுதியிருந்தார். சுவிட்சர்லாந்து நாட்டின் அனுபவத்தைச் சுட்டி, இலங்கைக்குக் கூட்டாட்சியே ஏற்றது என்பது அவர் வாதம். 1927 நவம்பரில் காந்தியடிகள் இவர்களின் அழைப்பை ஏற்று யாழ்ப்பாணம் வந்தார். ஏட்டில் எழுதுவதும், மேடையில் விவாதிப்பதும், எதிர்க்கருத்தைப் பொறுமையாகச் செவிமடுப்பதும் அம்மாணவர் கற்ற குடியாட்சிப் பாடங்கள்.

பின்னர் சோதனை வந்தது. டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி, 1931இல் இலங்கையில் வயது வந்த ஆண், பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. ஆயினும் அத்திட்டம் முழுமையான தன்னாட்சியைத் தரவில்லை. இந்தியாவின் கமலாதேவி சட்டோபாத்தியாயா தலைமையில் அவ்வாண்டு நடந்த மாநாட்டில், இளைஞர் தேர்தலைப் புறக்கணிக்கத் தீர்மானித்தனர். குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட வேட்புமனு அளிக்கவில்லை. இளைஞரின் சொல்லுக்கு மூத்த தலைவர்களும் கட்டுப்பட்டது வியப்புக்குரியதே. அவர்களின் தன்னலமின்மையை நாம் போற்றுகிறோம்.

ஆனால் இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அத்தேர்தலில் முதன்முறையாக வாக்களிக்கவிருந்தவர் யார்? அதுவரை கணக்கில் கொள்ளப்படாத பெண்களும், நிலமற்ற உழவரும், ஒடுக்கப்பட்ட சாதியினருமே. அவர்கள் கைக்கு எட்டிய வாக்கு, 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை பயன்படாமற் போயிற்று. தீண்டாமைக்கு எதிராக உண்மையாகவே போராடிய அவையொன்று, தீண்டப்படாதோரின் முதல் வாக்கைத் தானே தள்ளிப்போட்டது. தீய எண்ணத்தால் அன்று. கற்றோர் கூடிக் கல்லாதாருக்கும் சேர்த்து முடிவெடுத்ததால்.

மலையகத்துத் தோட்டத் தொழிலாளரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1931இலேயே அவர்களின் வாக்குரிமைக்குப் பல நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பிரிக்கப்பட்டனர். அந்தப் பேச்சிலும் அவர்களுக்கு இருக்கை இல்லை. மாணவர் அவையில் கூட்டாட்சி பேசிய பண்டாரநாயக்காவே, 1956இல் பிரதமராகிச் 'சிங்களம் மட்டும்' சட்டத்தைக் கொணர்ந்தார். நல்ல கருத்து நாவில் மட்டும் நின்று, நிலையான அமைப்பாக வேரூன்றாவிடில் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தை இவ்விடத்தில் நினைவுகூர்வது தகும். அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் புறக்கணிக்கப்பட்டனர், முறையீடு எழுந்தது. திருத்தூதர்கள் அம்முறையீட்டை அடக்கவில்லை. அவர்களாகவே ஆள்களை அமர்த்திவிடவுமில்லை. சபை முழுவதையும் கூட்டி, மக்களே எழுவரைத் தேர்ந்துகொள்ளச் செய்தனர். அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே என்பதைக் கவனிக்க வேண்டும். குறையுற்றோரின் குரல் கேட்கப்பட்டது. கேட்டதோடு நில்லாமல், அது ஓர் அமைப்பாகவும் உருப்பெற்றது. 1944ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் செய்தியில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், சிந்தித்துச் செயலாற்றும் மக்களையும், பிறரால் உந்தப்படும் திரளையும் வேறுபடுத்திக் காட்டியதும் இக்கருத்தையே வலியுறுத்துகிறது.

நம் பங்கு இளைஞர் குடியாட்சி பற்றியும் செய்தித்தாள் பற்றியும் சொற்போர் நடத்தும்போது நாம் மகிழ்கிறோம். அயல்நாட்டாரின் கருத்துகளை அவர்கள் அறிந்திருப்பதும் நன்றே. ஆனால் அக்கூட்டத்தைத் தோட்ட வேலையில்லாத ஞாயிறு மாலையில் வையுங்கள். மலைக்கு அப்பாலிருந்து மலையாளம் பேசும் இளைஞரையும் அழையுங்கள். முதல் உரையை, விடியலில் ஜீப்புக்காகக் காத்து நிற்கும் ஒரு தாயிடம் விடுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை நாம் குறுக்கிடாமல் இருப்போம். தீர்மானம் எழுதுவது அதற்குப் பின் ஆகட்டும்.