பரிசுச் சீட்டும் வரிப் பிடித்தமும்: எல்லை தாண்டி வென்றவரின் ஆவணங்கள்

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் ஏறினால் உசிலம்பட்டி, தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்குப் போய்விடலாம். எல்லைக்கு அப்பால் கேரள லாட்டரிக் கடைகள். 2003 ஜனவரியில் தமிழ்நாடு லாட்டரியைத் தடை செய்தபின், அங்கே சீட்டு வாங்கும் தமிழரின் நிலை, அயல்நாட்டுக் கேசினோவில் வெல்லும் பயணியின் நிலைக்கு நெருக்கமானது. கேரளத்தில் வெளியாளும் உள்ளூராரின் விகிதத்திலேயே வரி கட்டுகிறார். அவர் கூடுதலாகச் சுமப்பது மெய்ப்பிக்கும் பொறுப்பையே. அந்தப் பொறுப்பு உருவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. வரியில்லாத காலம்

கேரள அரசு 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. 1968 ஜனவரி 26இல் முதல் குலுக்கல். சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். அதே ஆண்டில் அண்ணா தலைமையிலான அரசு தமிழ்நாட்டிலும் பரிசுச் சீட்டைக் கொண்டுவந்தது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(3) பிரிவு, எதிர்பாராமல் எப்போதோ வரும் பணத்துக்கு அன்று விலக்கு அளித்திருந்தது. சீட்டைக் காட்டினால் போதும்; பரிசு முழுதாகக் கைக்கு வரும்.

2. வருமானமாக மாறிய அதிர்ஷ்டம்

1972ஆம் ஆண்டு நிதிச் சட்டம் லாட்டரி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம், பந்தயம் கட்டுதல் ஆகியவற்றில் கிடைக்கும் பணத்தை ‘வருமானம்’ என்ற வரையறைக்குள் சேர்த்தது. லாட்டரிப் பரிசு தருபவரே வரியைப் பிடித்துக்கொள்ள 194பி பிரிவு வழிவகுத்தது. திறமையால் வென்ற பரிசு இந்த ‘வருமானம்’ என்ற வரையறையில் அடங்குமா? கார் பந்தய வீரர் ஜி.ஆர். கார்த்திகேயன் ராலி ஒன்றில் பெற்ற 22,000 ரூபாய் வருமானம் ஆகாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். 1993இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அதுவும் வருமானமே என்றது.

1986ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 115பிபி பிரிவின் வழியே 40 சதவீத ஒரே விகிதத்தை விதித்தது. 2001இல் அது 30 ஆகக் குறைந்தது. சீட்டு வாங்கிய செலவையும் கழிக்க முடியாது; அடிப்படை விலக்கு வரம்பும் பொருந்தாது.

3. வெளியாளும் சான்றுகளும்

கேரள லாட்டரியின் 2023 ஓணம் பம்பர் குலுக்கலில், எல்லையோர வாளையாரில் விற்ற சீட்டுக்கு 25 கோடி ரூபாய் விழுந்தது. வென்றவர்கள் தமிழ்நாட்டு நண்பர்கள் நால்வர். முகவர் கழிவு 10 சதவீதம் போக 22.5 கோடி, அதில் 30 சதவீத வரியாக 6.75 கோடி, மிஞ்சியது 15.75 கோடி. உபரி வரியும் செஸ்ஸும் பின்னர் தனி. இந்தக் கணக்கு மலையாளிக்கும் இதேதான். ஆனால் கேரளச் சீட்டைத் தமிழ்நாட்டில் விற்கக் கூடாது என்பதால், வெளிமாநிலத்தார் பான் அட்டை, அடையாளச் சான்றோடு நோட்டரி சான்றொப்பமும் தந்து, கேரளத்துக்கு வந்த காரணத்தையும் விளக்க வேண்டியிருந்தது. அந்தச் சீட்டு கள்ளச் சந்தையில் விற்கப்பட்டதாக எழுந்த புகாரே, இப்படி விளக்கம் கேட்பது எதை அஞ்சி என்பதைக் காட்டுகிறது.

வெளிநாட்டில் குடியிருப்பவர் இந்தியாவில் வென்றாலும் விகிதம் 30 சதவீதமே. உபரி வரியும் செஸ்ஸும் மட்டும் அவருக்குப் பரிசு தரும்போதே பிடிக்கப்படும். அமெரிக்கக் கேசினோவில் ஸ்லாட் இயந்திரத்தில் வெல்லும் இந்தியரிடம் 30 சதவீதம் பிடித்து, அதற்குச் சான்றாக 1042-எஸ் படிவம் தருகிறார்கள். பிரிட்டன், ஜப்பான் போன்ற நாட்டினருக்கு வரி ஒப்பந்தம் விலக்களிக்கிறது, இந்தியருக்கு இல்லை.

4. முடிவு

கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்பக் கேட்கப் பிறகு வழியுண்டு. சீட்டை எங்கே, யாரிடம் வாங்கினோம் என்பதை அன்றே மெய்ப்பிக்க முடியாதவருக்கு, வரி கட்டும் நிலையே வராது, பரிசே நின்றுவிடும்.