கரி பஸ்ஸும் குச்சிக்கிழங்கும்

உங்கள் வீட்டில் தொண்ணூறைத் தாண்டிய தாத்தா யாராவது இருந்தால், 'கரி பஸ்' என்று சொல்லிப் பாருங்கள். கதை கதையாகச் சொல்வார்!

இரண்டாம் உலகப் போர் சமயம் அது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. மார்ச்சில் ரங்கூனும் ஜாவாவும். பர்மா எண்ணெய் அத்தோடு போச்சு. பெட்ரோலுக்கு 1941-லிருந்தே ரேஷன் வேறு. பஸ் முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? வண்டியோடு ஓர் இரும்பு டிரம்மைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டினார்கள். காற்றைக் குறைத்துக் கொடுத்தால் கரி முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வாயுவைக் கக்கும். அதை வடிகட்டி இன்ஜினுக்குள் அனுப்பினால் பஸ் ஓடும்! ஆனால், மேடு வந்தால் மூச்சு வாங்கும். பயணிகள் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் டிரம்மைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். கரி பஸ் கதை முடிந்தது.

அதே போர் இன்னொன்றையும் நிறுத்தியது. ஜவ்வரிசி! அதுவரை மலேயா, ஜாவா பக்கமிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. வரத்து நின்றதும், 1943 வாக்கில் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், மலேயா அனுபவம் உள்ள போபட்லால் ஷாவோடு சேர்ந்து, மரவள்ளிக் கிழங்கிலேயே ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார். நம்ம ஊர் குச்சிக்கிழங்குதான். தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில்தான் இருந்தது; 1965-ல்தான் தனி மாவட்டமானது. வறண்ட பூமிக்குத் தோதான பயிர் என்பதால் கிழங்கும் பரவியது, சேகோ ஆலைகளும் பரவின.

கூடவே நாற்றமும்! கிழங்கை அரைத்து மாவைப் பிரிக்க ஏகப்பட்ட தண்ணீர் வேண்டும். வெளியே வருவதோ மாவுச்சத்து கலந்து புளித்துப்போன கழிவுநீர். ஓடையில் விட்டால் ஊரே மூக்கைப் பொத்திக்கொள்ளும். கிணறும் கெடும்.

அதே தண்ணீரைக் காற்றுப் புகாத தொட்டியில் அடைத்தால்? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்தச் சத்தைத் தின்று மீத்தேன் வாயுவைத் தரும். சாண எரிவாயு மாதிரியேதான். சேலம், தர்மபுரி பக்கத்து சேகோ ஆலைகள் பலவற்றில் இந்த வாயுதான் இப்போது எரிபொருள். வாயு எடுத்த பிறகும் தண்ணீரை இன்னும் சுத்தப்படுத்த வேண்டும் என்பது வேறு விஷயம்.

இடையில் காட்டாமணக்கு வந்த கதை நினைவிருக்கிறதா? 2003-ல் திட்டக் கமிஷன் குழு அதற்குப் பச்சைக்கொடி காட்டியது. 'தரிசிலும் வளரும், டீசல் தரும்' என்றார்கள். 2017-க்குள் டீசலில் 20 சதவிகிதம் தாவர எரிபொருள் என்று 2009-ல் அரசு கொள்கையே வகுத்தது. நடந்ததா? இல்லை. தமிழ்நாட்டுத் தோட்டங்களைப் பார்த்த ஆய்வாளர்கள் 2010-லேயே எழுதிவிட்டார்கள்: விளைச்சல் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவு, நல்லா விளையணும்னா தண்ணீரும் வேணும்!

கரி பஸ் பெட்ரோல் வந்ததும் போனது. காட்டாமணக்கு தனக்கென்று நிலமும் நீரும் கேட்டுத் தோற்றது. சேகோ வாயு மட்டும் ஏன் நிற்கிறது? கழிவு ஏற்கெனவே அங்கேயே இருக்கிறது. எரிக்கும் அடுப்பும் அதே ஆலையில். விட்டுவிட்டால் கெடுவது பக்கத்துக் கிணறு.

நாளைக்கே யாராவது 'பயிரிலிருந்து பெட்ரோல்' என்று கிளம்பினால் இரண்டே கேள்வி கேளுங்கள். அது மிச்சமா, அதற்கென்றே விதைத்ததா? விதைத்ததென்றால், யார் வீட்டுத் தண்ணீரில்?